போர்டிங் பாஸை ஓர் ஊரில் ஆறு பேர் கேட்கிறார்கள், இன்னோர் ஊரில் யாருமே கேட்பதில்லை: ஏன் அப்படி, எப்படித் தயாராவது?

அம்மாவை முதல்முறையாகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குக் கூட்டிப் போனபோது, யாராவது சீட்டைக் கேட்கும்போதெல்லாம் அவர் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தார். வாசலில் நின்ற சி.ஐ.எஸ்.எஃப். (மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை) காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் வாங்கி முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கவுண்டரில் பெட்டியை வாங்கிக்கொண்டு போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். இமிகிரேஷனில் பாஸ்போர்ட்டில் விழுந்தது போலவே அதிலும் ஒரு முத்திரை விழுந்தது. செக்யூரிட்டியில் இன்னொரு முத்திரை. கேட்டில் ஸ்கேன். கடைசியில் விமானத்தின் கதவருகே பணிப்பெண் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். ஆக ஆறு விரல்.

திரும்பி வரும்போது சாங்கியில் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்தோம், கண்ணாடிக் கதவு திறந்தது, அவ்வளவுதான். முத்திரையும் இல்லை, முகம் பார்க்கும் அதிகாரியும் இல்லை. அம்மா நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, "இங்க யாருமே கேக்கலையேப்பா, நம்மள அவ்ளோ நம்புறாங்களா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பல ஊர் போய்வந்து, சில இடங்களில் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பெற்றோரைத் தனியாக விமானம் ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு இது கட்டாயம் உதவும்.

ஒரே சீட்டு, ஆனால் கேள்வி வேறு

முதலில் மனதில் வைக்க வேண்டியது இது. சீட்டைப் பார்க்கிற ஒவ்வொருவரும் ஒரே விஷயத்தைப் பார்ப்பதில்லை. வாசலில் நிற்பவருக்கு நீங்கள் இன்றைக்குப் பயணம் போகிறவரா, வெறுமனே வந்தவரா என்று தெரிந்தால் போதும். கவுண்டரில் இருப்பவருக்குப் போகிற நாட்டில் உங்களை உள்ளே விடுவார்களா என்பதுதான் கவலை. இமிகிரேஷன் அதிகாரிக்கு நீங்கள் நாட்டை விட்டுப் போனது பதிவாக வேண்டும். செக்யூரிட்டியில் உங்களைத் தடவிப் பார்த்தாகிவிட்டது என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். கேட்டில் இருப்பவருக்கு இந்தச் சீட்டும் இந்த முகமும் ஒன்றா, பெட்டி போட்ட ஆள் ஏறிவிட்டாரா என்று தெரிய வேண்டும். கதவருகே கேட்பது, பக்கத்து விமானத்துக்குப் போக வேண்டியவர் தவறி இதில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக.

இந்தக் கேள்விகள் எல்லா நாட்டிலும் உண்டு. எந்தக் கேள்வியை யார் கேட்பது, எந்த இடத்தில், ஆளை வைத்தா இயந்திரத்தை வைத்தா என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். சாங்கியில் அம்மாவை யாரும் கேட்கவில்லை என்று தோன்றினாலும், எங்கள் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் செக்-இன் செய்தபோதே கணினிக்குள் போய்விட்டது, கண்ணாடிக் கதவு அதைப் பார்த்துவிட்டுத்தான் திறந்தது.

சட்டப்படி பார்த்தால், 1944ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையிலிருந்து வந்த ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதற்குப் பொது விதி போடுகிறது. பாதுகாப்புக்கு 17ஆம் இணைப்பு, பயண ஆவணங்களுக்கு 9ஆம் இணைப்பு. ஆனால் அவை குறைந்தபட்ச விதிகள்தான். அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் ஒரு நாடு கூட்டிக்கொள்ளலாம். உள்நாட்டு விமானங்களுக்கு வரும்போது அந்தந்த நாடு தன் ஆபத்தைத் தானே எடை போட்டு முடிவு செய்கிறது. அதனால்தான் வித்தியாசம் உள்நாட்டுப் பயணத்தில் இன்னும் கண்கூடாகத் தெரியும்.

நம் நாட்டில் ஏன் இத்தனை தடவை

இதைச் சலிப்போடு பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் இந்தச் சோதனைகள் பலவற்றுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்தது. கொழும்பு விமானத்துக்கென்று போட்ட பெட்டிகளில் இருந்த குண்டு. பெட்டியைப் போட்ட ஆள் விமானம் ஏறவில்லை. 30 பேருக்கு மேல் செத்துப் போனார்கள், அதில் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பக் காத்திருந்த இலங்கைக்காரர்கள். அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்குப் பக்கத்தில் கடல் மேல் வெடித்து 329 பேர் போனார்கள். அங்கேயும் அதே கதைதான், வான்கூவரில் பெட்டி ஏறியது, பெட்டிக்காரர் ஏறவில்லை. 1988இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் வெடித்த விமானத்திலும் ஆளில்லாத பெட்டிதான்.

கேட்டில் உங்கள் பாஸை ஸ்கேன் செய்யும்போது வருகிற அந்தச் சின்ன 'பீப்' சத்தத்துக்கு இதுதான் பொருள்: இந்தப் பெட்டிக்கு உரிய ஆள் ஏறிவிட்டார். ஆள் வரவில்லை என்றால் விமானத்தை நிறுத்தி வைத்துப் பெட்டியைத் தேடி இறக்குகிறார்களே, அதுவும் இதற்காகத்தான்.

கனிஷ்காவுக்குப் பிறகு, 1987இல், சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவு தனித் துறையானது. 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸின் ஐ.சி. 814 விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டதும் விமான நிலையப் பாதுகாப்பை மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையிடம் கொடுத்தார்கள், 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் ஆரம்பித்தது. நம் ஊரில் வாசலிலேயே ஆயுதம் ஏந்தியவர் சீட்டுக் கேட்பது இந்த வரலாற்றிலிருந்து வந்தது. கட்டடத்துக்குள்ளேயே பயணி அல்லாதவர் இருக்கக் கூடாது என்பது இங்கே கணக்கு.

இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்திலும் கிட்டத்தட்ட இதேதான். 1986 மே 3 அன்று தரையில் நின்ற ஏர்லங்கா விமானத்தில் குண்டு வெடித்தது, 2001 ஜூலை 24 அன்று விமான நிலையமே தாக்கப்பட்டது. செக்-இன் கவுண்டருக்குப் போகும் முன்பே எல்லாப் பெட்டியையும் ஒருமுறை எக்ஸ்ரேயில் போடச் சொல்வார்கள். யாழ்ப்பாணம், திருகோணமலைப் பக்கமிருந்து இரவு வேன் பிடித்து வருகிறவர்கள் அந்த வரிசைக்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முத்திரையைப் பற்றிக் கொஞ்சம்

இந்திய விமான நிலையங்களில் அதிகம் பேர் தடுமாறுவது செக்யூரிட்டி முத்திரையில்தான். என் அம்மாவுக்கும் அதுதான் ஆனது. பெண்களைத் திரைக்குப் பின்னால் தனியாகத் தடவிப் பார்ப்பார்கள், பார்த்து முடித்ததும் பாஸை வாங்கி முத்திரை குத்தி அனுப்புவார்கள். அம்மா பாஸைப் பத்திரமாகக் கைப்பைக்குள் மடித்து வைத்து, கைப்பையை டிரேயில் தள்ளிவிட்டார். உள்ளே இருந்த காவலர் பாஸைக் கேட்டபோது கையில் இல்லை. பின்னால் வரிசை நின்றதால் போகச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. இது எனக்குத் தெரியாது. கேட் வரைக்கும் போனபிறகு அங்கிருந்த பெண் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீல் இல்லையேம்மா" என்றார். விமானம் கிளம்ப 25 நிமிடம் இருந்தது. மறுபடியும் செக்யூரிட்டிக்கு ஓடினோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. இன்றைக்கும் அந்த நடையை நினைத்தால் மனசு கஷ்டப்படும்.

ஆகவே, டிரேயில் எல்லாவற்றையும் போடுங்கள், பாஸை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரையை விட்டு வெளியே வந்ததும், பையை எடுக்கும் முன்னால், முத்திரை விழுந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. கைபேசியில் பாஸ் வைத்திருப்பவர்களுக்குப் பல இடங்களில் ஸ்கேன் செய்து அனுப்பிவிடுகிறார்கள், டிஜி யாத்ரா வழியாக முகத்தைக் காட்டிப் போகிறவர்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் டிஜி யாத்ரா உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும்தான். 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் ஆரம்பித்தது, இப்போது சென்னையிலும் கோவையிலும் இருக்கிறது.

கைப்பையில் ஒரு சீட்டைக் கட்டி அதிலும் முத்திரை குத்துவார்களே, அது 2017 ஏப்ரலில் டெல்லி, மும்பை, பெங்களூரு உள்ளிட்ட 7 விமான நிலையங்களில் நின்றது, சென்னைக்குச் சற்றுப் பிந்தி வந்தது. பழைய பழக்கத்தில் அந்தச் சீட்டைத் தேடி அலைகிற பெரியவர்களை இன்றும் பார்க்கிறேன். இனி அது வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இன்னொன்று. குடியரசு தினம், சுதந்திர தினம் வரும் வாரங்களில் விமானத்தில் ஏறும் இடத்திலேயே மறுபடி ஒரு சோதனை வைப்பார்கள். அந்த நாட்களில் கேட்டுக்குச் சீக்கிரமே போய்விடுவது நல்லது, பாஸை உள்ளே வைத்துவிட வேண்டாம்.

சிங்கப்பூரில் வழியனுப்ப உள்ளே போகாதீர்கள்

சாங்கியில் புறப்பாட்டுக் கூடத்துக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம், சாப்பிடலாம், உட்கார்ந்து பேசலாம். வாசலில் சீட்டுக் கேட்க ஆளே கிடையாது. இதைப் பார்த்துவிட்டு இங்கே எல்லாமே தளர்வு என்று நினைத்துவிடக் கூடாது. கோடு எங்கே போட்டிருக்கிறது என்பதுதான் வேறு. இமிகிரேஷனைத் தாண்டி உள்ளே போவது பயணம் போகிறவர்களுக்கு மட்டும். மனைவியைக் கேட் வரை கொண்டுவிட ஆசைப்பட்டு, மலிவான டிக்கெட் ஒன்றை வாங்கி அந்த பாஸோடு உள்ளே போய்த் திரும்பி வந்தவர்களை அங்கே கைது செய்திருக்கிறார்கள். பயணம் போகும் எண்ணமில்லாமல் போர்டிங் பாஸைப் பயன்படுத்தி உள்ளே போனால் 20,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. அங்கே வேலை பார்க்கும் நம் பையன்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அம்மாவைத் தனியாக அனுப்பப் பயமாக இருந்தால் விமான நிறுவனத்திடம் முன்பே சொல்லி உதவி கேளுங்கள், சக்கர நாற்காலியோடு ஆள் வந்து கேட் வரை கூட்டிப் போவார்.

அங்கே முதல் மூன்று முனையங்களில் கைப்பைச் சோதனை கேட்டில்தான் நடக்கும், 2017இல் திறந்த நான்காம் முனையத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே இடத்தில். இதனால் என்ன என்றால், கடைகளைச் சுற்றிவிட்டுக் கடைசி நேரத்தில் கேட்டுக்குப் போனால் அங்கே ஒரு வரிசை நிற்கும். வாங்கிய தண்ணீர் பாட்டிலை அங்கேதான் வைத்துவிட வேண்டியிருக்கும். பல கேட் அறைகளுக்குள் கழிப்பறை கிடையாது, ஆகையால் உள்ளே போகும் முன்பே போய்வந்துவிடுங்கள். வயதானவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

பாஸ் கேட்காத நாடுகள்

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11க்கு முன்னால் யாரும் கேட் வரை போகலாம். அதன் பிறகு டி.எஸ்.ஏ. என்ற அரசுப் பாதுகாப்பு அமைப்பு வந்தது. இப்போது அங்கே பல இடங்களில் செக்யூரிட்டியில் போர்டிங் பாஸையே கேட்பதில்லை, அடையாள அட்டையை அல்லது பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்தால் போதும். நீங்கள் இன்றைக்கு எந்த விமானத்தில் போகிறீர்கள் என்பது அதிகாரியின் திரையில் வந்துவிடும். காரணம், விமான நிறுவனம் உங்கள் முழுப்பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் முன்கூட்டியே அரசுக்கு அனுப்பி, கண்காணிப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு அனுமதி வந்தபிறகுதான் பாஸே அச்சாகிறது. உங்களைப் பற்றிய முடிவு வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே எடுத்தாகிவிட்டது என்று சொல்லலாம்.

பாஸில் நான்கு 'எஸ்' எழுத்து வரிசையாக அச்சாகியிருந்தால் பயப்பட வேண்டாம், கூடுதல் சோதனைக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படி இருந்தால் ஆன்லைனில் செக்-இன் ஆகாது, கவுண்டருக்குத்தான் போக வேண்டும், கேட்டில் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் வருகிறது என்றால் பெரும்பாலும் உங்கள் பெயரில் வேறு யாரோ இருக்கிறார். அதற்கு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் விண்ணப்பித்து ஓர் எண் வாங்கி டிக்கெட்டில் சேர்க்கலாம்.

அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போது இமிகிரேஷன் கவுண்டரே இருக்காது. நம் ஊர்க்காரர்கள் பலர் இதில் பதறுவார்கள், "எக்ஸிட் சீல் போடலையே, ஓவர்ஸ்டே ஆயிடுமா?" என்று. ஆகாது. நீங்கள் ஏறியதை விமான நிறுவனம் அரசுக்குத் தெரிவிக்கிறது. பிரிட்டனிலும் வெளியேறும்போது முத்திரை இல்லை, 2015 ஏப்ரலிலிருந்து விமான நிறுவனங்கள்தான் அந்த விவரத்தைச் சேகரித்துக் கொடுக்கின்றன. அபுதாபி வழியாக அமெரிக்கா போகிறவர்களுக்கு இது தலைகீழ், அங்கேயே அமெரிக்க இமிகிரேஷன் முடிந்துவிடும், நியூயார்க்கில் இறங்கினால் உள்நாட்டுப் பயணி மாதிரி நேராக வெளியே போகலாம். அதனால் அபுதாபியில் மாற்று விமானத்துக்கு நிறைய நேரம் வேண்டும். ஒன்றரை மணி நேர இடைவெளியில் டிக்கெட் போட்டால் எனக்குப் பயமாக இருக்கும்.

லண்டனில் செக்யூரிட்டி வாசலில் பாஸை நீங்களே இயந்திரத்தில் காட்டிவிட்டு உள்ளே போவீர்கள், பாஸ்போர்ட்டை யாரும் கேட்க மாட்டார்கள். ஹீத்ரோ ஐந்தாம் முனையத்தில் உள்நாட்டுப் பயணிகளும் வெளிநாட்டுப் பயணிகளும் ஒரே லவுஞ்சில் உட்காருவதால் ஒரு சிக்கல் இருந்தது: வெளிநாட்டிலிருந்து வந்து இன்னொரு நாட்டுக்கு மாறிப் போகிற ஒருவர், உள்ளே வைத்து உள்நாட்டுப் பயணியோடு பாஸை மாற்றிக்கொண்டு எடின்பரோவுக்குப் போய் இறங்கிவிட்டால் இமிகிரேஷனே இல்லாமல் நாட்டுக்குள் போய்விடுவார். அதனால் உள்நாட்டுப் பயணிகளை நுழையும்போதே படம் எடுத்து, கேட்டில் முகத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு முனையத்தில் பாஸ் இல்லாதவரும் செக்யூரிட்டியைத் தாண்டிக் கேட் வரை வந்து கட்டிப்பிடித்து அனுப்பலாம். நியூசிலாந்தில் சிறிய ஊர்களுக்குப் போகும் 90 இருக்கைக்குக் குறைந்த விமானங்களுக்குச் சோதனையே கிடையாது, பேருந்து ஏறுவது போல ஏறிக்கொள்ளலாம். ஜப்பானில் உள்நாட்டு விமானத்துக்கு அடையாள அட்டை கேட்பதில்லை. முதல்முறை போகிறவர்களுக்கு ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும். ஒன்றும் விடவில்லை, நடந்து போய்க்கொண்டே இருங்கள்.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குள் பறக்கும்போது அரசு தரப்பில் பாஸ்போர்ட் சோதனை இல்லை, ஆனால் விமான நிறுவனம் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் நாம் பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் வைத்துவிட்டுப் போகவே கூடாது. அங்கே சில மலிவு விலை நிறுவனங்களில் ஐரோப்பியர் அல்லாத பயணிகள் முன்பே செக்-இன் செய்திருந்தாலும் கவுண்டருக்குப் போய் ஆவணத்தைக் காட்டி 'விசா செக்' முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்டில் ஏற்ற மாட்டார்கள். பெட்டி இல்லை என்று நேராக செக்யூரிட்டிக்குப் போய் மாட்டிக்கொள்கிற நம் மாணவர்கள் நிறையப் பேர். பாஸில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள்.

கவுண்டரில் இருப்பவர் ஏன் அவ்வளவு கேட்கிறார்

என் அனுபவத்தில் பயணம் நின்றுபோவது பெரும்பாலும் சீருடைக்காரரிடம் அல்ல, செக்-இன் கவுண்டரில்தான். விசா இல்லாமலோ தவறான விசாவிலோ ஒருவரை ஏற்றிப் போனால் விமான நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும். பிரிட்டனில் ஒரு பயணிக்கு 2,000 பவுண்டு. அதோடு அவரைத் திருப்பி அழைத்துவரும் பொறுப்பும் அவர்கள் தலையில். அதனால் கவுண்டரில் இருக்கும் பிள்ளை உங்கள் பாஸ்போர்ட் விவரத்தை எந்த நாட்டுக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று சொல்லும் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் போட்டுப் பார்க்கிறது. அதில் என்ன வருகிறதோ அதுதான் அங்கே வேதவாக்கு. 'போன மாசம் என் மச்சான் போனாரே' என்று வாதாடிப் பயனில்லை.

எனவே அங்கே கேட்கக்கூடியதை ஒரே கோப்பில் வையுங்கள்: திரும்பி வரும் டிக்கெட், தங்குமிட முகவரி, விசா அச்சுப்படி, சிங்கப்பூர் என்றால் மூன்று நாளுக்குள் நிரப்பிய வருகை அட்டை. லண்டன் போன்ற ஊர் வழியாக மாறிப் போகிறீர்கள் என்றால் அங்கே இறங்காவிட்டாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா தேவைப்படலாம், செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. டிக்கெட் வாங்கும் முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது. பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடியேற்ற அனுமதிச் சோதனை தேவை) என்று இருப்பவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போவதானால் குடியேற்ற அனுமதி இல்லாமல் நம் இமிகிரேஷன் விடாது.

நம் பெயர்

இதுதான் தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல், இதில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் 'எஸ். கார்த்திகேயன்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திகேயன் செல்வராஜ்', பள்ளிச் சான்றிதழில் 'கார்த்திகேயன் எஸ்.' என்று மூன்று விதம். உள்நாட்டில் பெரும்பாலும் இதைப் பெரிதுபடுத்த மாட்டார்கள். வெளிநாட்டுக்கு டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதை எழுத்து மாறாமல் போடுங்கள். இனிஷியலை நீங்களாக விரிக்க வேண்டாம், சுருக்கவும் வேண்டாம்.

குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் இன்னும் கவனம். டிக்கெட் இணையதளம் இரண்டு பெயரும் கேட்கும். சில நிறுவனங்கள் ஒரே பெயரை இரண்டு முறை போடச் சொல்லும், சில வேறு மாதிரி. அந்த நிறுவனத்தின் விதியைப் பார்த்துப் போடுங்கள், டிராவல்ஸ்காரர் தன் வழக்கப்படி போட்டுவிட விடாதீர்கள். அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவர்களுக்கு முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும், முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்ற மாட்டோம் என்றது, பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று தளர்த்தியது. பாஸ்போர்ட் புதுப்பிக்கும் நேரம் வந்தால் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிடுவது நல்லது என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். குழந்தைக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்கிறவர்கள் கட்டாயம் செய்யுங்கள்.

பாஸ் கைக்கு வந்ததும் பெயர் வெட்டுப்பட்டோ ஒட்டிக்கொண்டோ இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். பாஸில் இருக்கும் பார்கோடுக்கு உலகம் முழுக்க ஒரே வடிவம், அதில் பெயருக்கு 20 எழுத்துக்குத்தான் இடம். மீனாட்சிசுந்தரம் என்று ஆங்கிலத்தில் எழுதினால் அதுவே 17, நடுவில் ஒரு சாய்கோடு, மிச்சம் 2 எழுத்து. சுப்பிரமணியன் என்ற பெயரில் முதல் இரண்டெழுத்து மட்டும் நிற்கும். பெயரின் வாலில் 'மிஸ்டர்' என்பதன் சுருக்கம் ஒட்டி ஒரே சொல்லாக வருவதும் சாதாரணம். டிக்கெட்டில் முழுப்பெயர் சரியாக இருந்தால் போதும். ஆனால் எழுத்தே தப்பாக இருந்தாலோ, முன் பெயரும் பின் பெயரும் இடம் மாறியிருந்தாலோ, விமான நிலையத்துக்குப் போய்ச் சரி செய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள். தெரிந்த அன்றே நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

காகிதமா, கைபேசியா

இரண்டும். கைபேசியில் இருந்தால் விமான நிறுவனத்தின் செயலியை மட்டும் நம்பாமல் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், கேட்டில் இணையம் கிடைக்காமல் போகலாம், திரை வெளிச்சத்தைக் கூட்டினால்தான் ஸ்கேனர் படிக்கும். பெரியவர்களுக்குக் காகிதம்தான், அதுவும் ஆளுக்கு ஒன்று. குடும்பத்தில் எல்லாருடைய பாஸும் அப்பா சட்டைப்பையில் இருந்தால், ஆண் வரிசை பெண் வரிசை என்று பிரிக்கும்போது அம்மா வெறுங்கையோடு நிற்பார்.

பாஸைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். பெயரும் பி.என்.ஆரும் (டிக்கெட் பதிவு எண்) அந்த பார்கோடுக்குள் இருக்கின்றன, பி.என்.ஆரை விரலால் மறைத்தாலும் பார்கோடு தெரிந்தால் போச்சு. ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபட் 2020இல் தன் பாஸை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த பதிவு எண்ணை வைத்து ஒருவர் விமான நிறுவனத்தின் தளத்துக்குள் போய் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் எடுத்துவிட்டார். நல்ல மனிதர், முறையாகத் தகவல் சொல்லிவிட்டார். வேறு யாராவது என்றால் டிக்கெட்டையே ரத்து செய்திருக்கலாம்.

வந்து சேர்ந்ததும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்

வெளியேறும் முத்திரை போடாத நாடுகள் கூடிக்கொண்டே போகின்றன. வெளிநாடுவாழ் இந்தியர் என்ற கணக்குக்கு 182 நாள் எண்ண வேண்டியவர்கள், விசா முடியும் முன் கிளம்பினேன் என்று பின்னால் காட்ட வேண்டியவர்கள், பெட்டி தொலைந்து காப்பீடு கேட்பவர்கள், அலுவலகத்தில் பயணப்படி வாங்குபவர்கள் எல்லாருக்கும் அந்தச் சீட்டுத்தான் கையில் இருக்கும் ஆதாரம். கைபேசி பாஸ் என்றால் பயணம் முடிந்ததும் செயலியிலிருந்து மறைந்துவிடும், அதற்கு முன்பே மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதச் சீட்டு என்றால் இறங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். கவுண்டரில் தருவது பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள், ஒன்றிரண்டு வருடத்தில் எழுத்து மங்கிவிடும். அம்மா அந்த முதல் பயணத்துச் சீட்டைப் பூஜை அறை டிராயரில் வைத்திருந்தார், சென்ற பொங்கலுக்குச் சுத்தம் செய்யும்போது எடுத்துப் பார்த்தோம். பெயர், இருக்கை எண், தேதி ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளைத் தாள். திருச்சியில் குத்திய இரண்டு முத்திரை மட்டும் அப்படியே இருந்தன.